வாய்க்காலைப் பிடித்துப் போங்கள்: திருகோணமலையில் வாகன இரைச்சல் இல்லாமல் சைக்கிள் ஓடத் தொடங்குபவர்களுக்கு

திருகோணமலையில் வாகனம் குறைந்த ரோட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், வாய்க்காலைப் பிடித்துப் போங்கள். கண்டி வீதி, அனுராதபுர வீதி, நிலாவெளி வீதி மூன்றும் பஸ்ஸும் லொறியும் ஓடுகிற வீதிகள். வயலுக்குள் வாய்க்கால் ஓரமாகப் போகிற வழிகள் அப்படியில்லை, அவை தண்ணீர் பார்க்கப் போகிறவருக்கும் மாட்டு வண்டிக்கும் உண்டானவை. தண்ணீர் மெல்லச் சரிந்துதான் ஓடும், அதனால் அதன் பக்கத்தில் போகிற வழியிலும் ஏற்றம் இருக்காது, புதிதாக உழக்குகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கரையில் மருதமரம் நிற்கும், நிழல் கிடைக்கும். தண்ணீர் போன இடத்தில்தான் ஊர் வந்தது, ஊரோடு கோயிலும் வந்தது, ஆகவே பழைய இடங்களைத் தேடித் தனியாக அலையவும் தேவையில்லை.

பள்ளிக்கூடம் முடித்த பிறகு சைக்கிளைத் தொடாதவர்களையும், பிள்ளைகளோடு சேர்ந்து ஓட நினைக்கிற தாய் தகப்பன்மாரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேகம், போட்டி என்று வருபவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

முதலில் சைக்கிள்

புதுச் சைக்கிள் வாங்க ஓடாதீர்கள். வீட்டுக் கோடியில் நிற்கிற பழைய லுமாலா போதும், கியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைசியில் நாம் போகப்போகிற தம்பலகாமத்து வயல் பக்கம் முழுக்கச் சமதரை. சைக்கிள் கடையில் கொடுத்து இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, டயரில் வெடிப்பு இருக்கிறதா, செயின் தொங்குகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் மெல்லிய டயர் போட்ட ரேசிங் சைக்கிளை விட்டுவிட்டுக் கொஞ்சம் அகலமான டயர் உள்ளதை எடுங்கள். கிரவல் வழியில் மெல்லிய டயர் வழுக்கும்.

அப்புறம் சீட்டின் உயரம். இதைப் பலர் கவனிப்பதில்லை, பிறகு முழங்கால் நோகிறது என்று சைக்கிளையே விட்டுவிடுகிறார்கள். சீட்டில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்துப் பெடலைக் கீழே கொண்டுபோங்கள், கால் நேராக நீள வேண்டும். மடங்கி நின்றால் சீட் பதிவு, உயர்த்துங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால்தான் கால் எட்டுகிறது என்றால் சீட் உயரம், இறக்குங்கள். காற்று எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், கிரவலில் போவதாக இருந்தால் அதைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள், குலுக்கம் குறையும்.

ஒரு டியூப், ஒட்டுப் பெட்டி, டயர் கழற்றுகிற இரண்டு லீவர், கைப்பம்ப், சில்லு கழற்றச் சாவி, ஒரு பழந்துணி, இவை கரியரில் கட்டின பையில் எப்போதும் இருக்க வேண்டும். பழந்துணி எதற்கு என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் தம்பலகாமத்து வயலுக்குள் என் பின் டயர் உடைமுள்ளில் ஏறிக் காற்றுப் போய்விட்டது. டியூப்பைக் கழற்றிவிட்டு ஓட்டை எங்கே என்று தெரியாமல் நின்றேன். மண்வெட்டியோடு வந்த ஒரு ஐயா ஒன்றும் கேட்காமல் டியூப்பை வாங்கி, கொஞ்சம் காற்றடித்து, வாய்க்கால் தண்ணீருக்குள் ஒரு சாண் ஒரு சாணாக அமுக்கிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் கடுகு கடுகாகக் குமிழி வந்தது. அந்த இடத்தை வெற்றிலைக் காவி ஏறிய பெருவிரலால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தன் தோள் துண்டை எடுத்து டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு சுற்றுத் துடைத்தார். துண்டு ஒரு இடத்தில் சிக்கியது. முள் முனை அங்கேதான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவே இல்லை. "தம்பி, முள்ளை எடுக்காம ஒட்டினா வீட்டை போகுமுன்ன இன்னொரு ஒட்டு ஒட்டணும்" என்றார். கையால் தடவினால் விரலைக் கிழிக்கும், துணிதான் சரி. வீட்டிலேயே ஒரு தடவை டியூப் கழற்றி மாட்டிப் பழகிவிட்டு வெளிக்கிடுங்கள், வயல் நடுவில் பழகுவது கஷ்டம்.

எப்போது வெளிக்கிடுவது

மார்கழி, தை மாதங்களில் மழை விட்டுவிட்டுப் பெய்யும், கிரவல் வழி சேறாகும், வாய்க்கால் கட்டு வழுக்கும். மாசி, பங்குனிதான் தொடங்க நல்ல காலம். பெரும்போகம் வெட்டு நடக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது, வயல் மஞ்சளாகக் கிடக்கும். சிறுபோகம் விதைத்த பிறகு வைகாசி, ஆனியில் அதே வயல் பச்சையாக இருக்கும், ஆனால் அப்போது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்றுத் தொடங்கிவிடும், காலை 10 மணிக்கு மேல் முகத்தில் அடுப்பு வெக்கை மாதிரி அடிக்கும்.

காற்றைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்திலிருந்து தம்பலகாமம், கந்தளாய் எல்லாம் தென்மேற்குப் பக்கம். கச்சான் காலத்தில் போகும்போது காற்று எதிர்க்கும், வரும்போது முதுகில் தள்ளும். களைத்து வருகிற நேரத்தில் அந்தத் தள்ளு பெரிய உதவி. மழைக்காலத்து வாடைக் காற்று நேர் எதிர். ஒருமுறை தை மாதத்தில் போகும்போது பறந்து போனேன், இவ்வளவு நன்றாக ஓடுகிறேனே என்று நினைத்து இன்னும் பத்துக் கிலோமீற்றர் கூடவே போய்விட்டேன். திரும்பின பிறகுதான் வாடை நெஞ்சில் அடித்தது. வீடு வந்து சேர இருட்டிவிட்டது, லைட்டும் இல்லை, கண்டி வீதியில் லொறிகள் விலத்திப் போகும் ஒவ்வொரு தடவையும் மண் கரையில் இறங்கி நின்று நின்று வந்தேன். அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. வாடைக் காலத்தில் போகிற நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் திரும்புவதற்கு ஒதுக்குவேன்.

நாள் என்றால் ஞாயிறு விடிய நல்லது. ஆனால் போயா தினத்தோடு சேர்ந்து இரண்டு மூன்று நாள் லீவு வந்தால் வெளியூர்ப் பஸ்களும் வான்களும் கண்டி வீதியை நிறைத்துவிடும், அந்த நாட்களை விட்டுவிடுங்கள். நேரம், நிலம் தெளிவாகத் தெரிகிற வெளிச்சம் வந்த பிறகு, அதற்கு முன் வேண்டாம். காரணம் யானை. கன்னியாவுக்கு அப்பாலும் கந்தளாய்ப் பக்கமும் இரவில் வயலுக்கு இறங்குகிற யானை விடியும்வரை நிற்கும். ரோட்டில் புது லத்தி கிடந்தால், காட்டோரத்தில் கொப்பு முறிகிற சத்தம் கேட்டால், நின்று படம் எடுக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள். பின்னேரம் 5 மணிக்கு முன் வீட்டுப் பக்கம் வந்துவிட வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றர். அதற்கு மேல் உடம்பு இழந்த உப்பையும் நீரையும் ஈடுசெய்கிற ஒரு ஜீவனிப் பக்கற், ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்கிற அளவு. தலை இடித்தாலோ, வியர்வை நின்று உடம்பு சில்லிட்டாலோ உடனே நிழலில் இருந்து அதைக் குடியுங்கள், இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று உழக்காதீர்கள். தலைக்கவசம் போடுங்கள். பகலிலும் பின்னால் சிவப்பு லைட் எரியட்டும். 1990 அம்புலன்ஸ் இலவசம், அந்த இலக்கத்தைப் போனில் போட்டு வையுங்கள்.

முதல் வாரம் கோட்டை

முதல் நாளே 40 கிலோமீற்றர் போகாதீர்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் ஒரு விடியப்புறம் போய்ப் பழகுங்கள். வாசலிலேயே இறங்குங்கள். அந்த வளைவின் பக்கக் கல்லில் இரட்டை மீனும் தேய்ந்துபோன தமிழ் எழுத்தும் இருக்கிறது, வாகனத்தில் போகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள், அந்தக் கற்களையும் கொண்டுதான் இந்தக் கோட்டை எழுந்தது. உள்ளே புள்ளிமான்கள் ரோட்டுக்குக் குறுக்கே வரும், ஆகவே மெதுவாக. இப்போது இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போகிற ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடித்துப் பழகுங்கள், முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தூக்கி எறியும். படை முகாம் உள்ள இடம், எதைப் படம் எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

இரண்டாம் வாரம் கன்னியா

நகரத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர். அனுராதபுர வீதியில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, வாகனமும் உண்டு, ஆனால் கன்னியாவுக்குத் திரும்பின பிறகு அமைதி. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தாய்க்குச் செய்த இறுதிக் கடனோடு சேர்த்துச் சொல்கிற இடம், இன்றும் செத்தவீட்டுக் கிரியைக்காக ஆட்கள் வருகிறார்கள், ஈர வேட்டியோடு நிற்பவர்கள் இருந்தால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். விடியக் குளிர்ந்த உடம்போடு போய் நாலு வாளி வெந்நீர் ஊற்றினால் காலில் உள்ள வலி எல்லாம் போய்விடும்.

உடம்பு ஒத்துழைத்தால், இன்னொரு நாள், பெரியகுளப் பக்கம் உள்ளே இருக்கிற வெல்கம் விகாரைக்கும் போங்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர், அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் கொடுத்த கொடையைச் சொல்கின்றன. மரங்களுக்கு நடுவே அந்த இடிந்த செங்கல் கட்டுகளைப் பார்த்தபோது எனக்கு வெகுநேரம் அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை. அது யானை நடமாடும் பக்கம், இரண்டு மூன்று பேராகப் போங்கள், விகாரைக்குள் செருப்பும் தொப்பியும் கழற்றுங்கள்.

மூன்றாவதுதான் தம்பலகாமம்

இதற்காகத்தான் முதல் இரண்டையும் ஓடச் சொன்னேன். நகரத்திலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீற்றர், ஆறுதலாக உழக்கினால் இரண்டு மணித்தியாலம். சிக்கல் என்னவென்றால், சீனன்குடா, கப்பல்துறை வழியாகப் போகிற பெரும்பகுதி கண்டி வீதி. புதியவர்கள் அதில் ஓடத் தேவையில்லை, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பட்டா என்கிற ஒரு சின்ன லொறி பிடித்துச் சைக்கிள்களைத் தம்பலகாமச் சந்திவரை ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்து தொடங்குங்கள். உழக்கித்தான் போவேன் என்றால் வெளிச்சம் வந்தவுடன் வெளிக்கிட்டு 8 மணிக்குள் சந்தியைப் பிடியுங்கள், வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம், ஒருவர் பின் ஒருவராக. தண்டவாளம் குறுக்கிட்டால் சரிவாக ஏறாதீர்கள், சில்லு இடுக்கில் மாட்டும், நேர் குறுக்காகக் கடக்க வேண்டும்.

சந்தியிலிருந்து உள்ளே திரும்பியதும் சத்தம் குறைந்துகொண்டே வரும். கொஞ்சத் தூரம் போனபின் உங்கள் செயின் சத்தம் உங்களுக்கே கேட்கும். இரண்டு பக்கமும் வயல், கொக்கு, எருமை, தூரத்தில் ஒரு லான்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், டக் டக் என்று. இந்த வயல்களுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் என்று வரலாற்று நூல்கள் சொல்லும், எங்கள் ஊர் வழக்கோ குளக்கோட்டன் என்று சொல்லும். குளமும் கோட்டமும் கட்டியதால் அந்தப் பெயர், கோட்டம் என்றால் கோயில். கோணேசருக்குப் படைக்க நெல் வேண்டும், நெல்லுக்கு வயல் வேண்டும், வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அதற்காகக் குளம் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். இதைப் புத்தகத்தில் படிக்கும்போது ஒரு வரிதான். வாய்க்கால் ஓரமாக உழக்கும்போது குளம், மதகு, வாய்க்கால், வயல், கோயில் என்று அந்தக் கதை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வருகிறது, தூரமும் வரிசையும் காலுக்குத் தெரிகிறது. என் பிள்ளைகளுக்குக் குளக்கோட்டனை நான் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

வயல்களுக்கு நடுவே ஆதிகோணநாயகர் கோயில் கோபுரம் தெரியும், அதையே அடையாளமாக வைத்துக்கொண்டு போகலாம். போர்த்துக்கேயர் இடித்த காலத்தில் கோணேசர் கோயில் விக்கிரகங்களைக் காப்பாற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்து வழிபட்டார்கள் என்பது ஊர் வரலாறு. மண்ணுக்குள் மறைத்தவற்றில் சில 1950இல் நகரத்தில் கிணறு தோண்டும்போது திரும்பக் கிடைத்தன. கோயிலில் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கும்பிட்டு, மர நிழலில் அரை மணித்தியாலம் இருங்கள். பக்கத்துக் கடைகளில் எருமைத் தயிர் சட்டியில் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் குலுங்கி உடையாமல் கரியரில் துணி சுற்றிக் கட்ட வேண்டும்.

வயல் வழியில் சில பழக்கங்கள். வெட்டுக் காலத்தில் ரோட்டின் பாதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு, நெல்லின் மேல் சில்லு ஏறவே கூடாது, இடம் இல்லாவிட்டால் இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள். வரம்பில் ஓடாதீர்கள், வரம்பு உடையும். எருமைக் கூட்டம் வந்தால் மணி அடிக்காமல் ஓரமாக நில்லுங்கள். வழி தெரியாவிட்டால் போனில் உள்ள வரைபடத்தைவிட வயலில் நிற்கிறவரைக் கேட்பதுதான் நல்லது, எந்தக் கட்டில் போன கிழமை உடைப்பு வந்தது என்று வரைபடத்துக்குத் தெரியாது. தமிழ், முஸ்லிம், சிங்களக் குடிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பகுதி. அண்ணா, ஐயா, நானா, ஐயே என்று அந்தந்த முறையில் கூப்பிட்டுக் கேட்டால் வழி மட்டும் அல்ல, தேத்தண்ணீரும் சில நேரம் கிடைக்கும்.

இரண்டு விசயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். வாய்க்காலில் கை கால் கழுவலாம், குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம், முதலை உண்டு. எங்கே போனாலும் ஆட்கள் நடக்கிற தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம், யுத்தம் நடந்த மண் இது, மிதிவெடி என்று எச்சரிக்கிற சிவப்புப் பலகை எங்காவது கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம்.

பிறகு

தம்பலகாமம் நாலைந்து தடவை ஓடிப் பழகிய பிறகு கந்தளாய்க் குளத்தையே பார்க்கப் போகலாம். நகரத்திலிருந்து 40 கிலோமீற்றர் அளவு, போகும்போது பஸ் ஓடுகிற வீதியில் உழக்காமல் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் குளத்தடியில் இறங்கி, வெளிச்சம் வந்த பிறகு காலைக் குளிரில் குளக்கட்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தண்ணீரோடு சேர்ந்து தம்பலகாமம் பக்கமாக இறங்கி வருவதுதான் என் விருப்பம். உள்வழிகள் கிளை கிளையாகப் பிரியும், கேட்டுக் கேட்டு வர வேண்டும். 1986 ஏப்ரல் 20 விடியும் முன் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கட்டில் நின்று ஒரு பக்கம் நிறைந்த தண்ணீரையும் மறுபக்கம் பள்ளத்தில் உள்ள வீடுகளையும் பார்த்தால் அந்த இரவு என்னவென்று விளங்கும்.

கடலோரம்தான் விருப்பம் என்றால் கிண்ணியாப் பாலம். 2009இல் திறந்த பாலம், நீளம் 396 மீற்றர், அதற்கு முன் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் கடந்தோம். பாலத்தில் குறுக்குக் காற்று அடிக்கும், ஹான்டிலை இரண்டு கையாலும் பிடியுங்கள். அப்படியே மூதூர்ப் பக்கம் போனால் 1660இல் றொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட கொட்டியாரக் கரை. நல்ல வழிதான், ஆனால் வாகனம் உண்டு, தொடக்கத்தில் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை அப்படியே சுவரில் சாத்திவிடாதீர்கள். இது கடல் காற்று அடிக்கிற ஊர், வயல் சேறும் சேர்ந்தால் செயின் ஒரு கிழமையில் துருப்பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்து, காய விட்டு, பெடலைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டே செயினில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், உடைமுள் ஒன்று குத்திக்கொண்டு இன்னும் உள்ளே போகாமல் இருக்கலாம்.